ஃபேன் நின்ற பிறகு ஆடிய காகிதம்

முப்பத்தாறு வருடம் ரயில்வேயில் இருந்தவன் நான். கடைசிப் பன்னிரண்டு வருடம் ஸ்டேஷன் மாஸ்டர். பார்த்ததை மட்டும், பார்த்த நேரத்தோடு சொல்வது என் பழக்கம். பேய் பிசாசு என்று பேச வருகிறவர்களை என் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்ததில்லை. அப்படிப்பட்டவன் இதை எழுதுகிறேன் என்றால், நடந்தது நடந்ததுதான். நம்பாதவர்களோடு வாதாட எனக்குத் தெம்பும் இல்லை, விருப்பமும் இல்லை. பெயர்களை மட்டும் எழுதமாட்டேன். இரண்டு குடும்பங்களின் மானம் இதில் இருக்கிறது.

போன வருடம் மழைக்காலத்தில் என் மூத்த மகள் ஒரே ஒரு பையோடு வந்து வாசலில் நின்றாள். கல்யாணமாகி எட்டு வருடம், குழந்தை இல்லை. இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. குளியலறையில் வழுக்கிவிட்டதாகச் சொன்னாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அவளும் அழவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். படு என்றால் போய்ப் படுத்தாள், ஆனால் கண் திறந்தே இருக்கும். அவள் அம்மா இருந்திருந்தால் எப்படியாவது பேசவைத்திருப்பாள். எனக்கு அந்த வித்தை தெரியாது.

சம்பந்தி வாராவாரம் போன் செய்தார். பெண்ணைப் பெற்றவர் வீட்டோடு வைத்துக்கொண்டால் ஊர் என்ன பேசும் என்று எனக்கே பாடம் எடுத்தார். கடைசியில் நான் ஒரு வாக்குக் கொடுத்தேன்.

"மூணு மாசம் டைம் குடுங்க. அதுக்குள்ள அவ சொந்தக் கால்ல நின்னா இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா நானே கூட்டிட்டு வந்து விடறேன்."

கதவுக்குப் பின்னால் அவள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "சரிப்பா" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் வீட்டுக்குக் கீழே இருக்கும் நிலவறையை அவளே கழுவிச் சுத்தம் செய்தாள். பத்தடிக்கு எட்டடி, ஜன்னல் கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வயதான தம்பதியிடமிருந்து இந்த வீட்டை வாங்கியதிலிருந்து அங்கே பழைய நாற்காலிகளைத்தான் போட்டுவைத்திருந்தோம். அவள் இரும்பு அலமாரிகள் வாங்கி, ஒவ்வொரு தட்டின் மேலும் விளக்குக் கட்டினாள். முள்ளங்கி, கடுகு, சூரியகாந்தி விதைகளைத் தட்டுகளில் தூவி, இரண்டு இலை விட்டதும் அறுத்து உணவகங்களுக்குக் கொடுக்கும் தொழில். ஊரில் ஒரு பெரிய உணவகம் வாங்கச் சம்மதித்தது. ஒரு தட்டில் பூஞ்சை தெரிந்தாலும் அத்தோடு நிறுத்திவிடுவோம் என்றும் சொல்லியிருந்தது.

முதல் பத்து நாளிலேயே பூஞ்சை வந்துவிட்டது. அறை முழுக்க ஈரம், சுவரில் நீர் கோத்து நின்றது. கூரையோரம் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தோம். ஃபேன் ஓடும்போது கதவைத் திறக்கப் போனால், உள்ளிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல வர மறுத்தது.

அதைச் சரிபார்க்க வந்த காற்றோட்ட வேலைக்காரரை என் மகள் காற்றுக்காரர் என்று கூப்பிட்டாள். வாய் ஓயாத மனிதர். "காத்து வெளிய போனா போதுமாங்க? உள்ள வரவும் வழி வேணும்ல. வரவே இல்லாம செலவு பண்ணா எந்தக் குடும்பம் தாங்கும்?" என்றார். வீட்டின் பின்பக்கம் தெருவைவிடத் தாழ்வு. எனவே பின்சுவரில் முழங்கால் உயரத்தில் துளை போட்டால் வெளிக்காற்று கிடைக்கும் என்று கணக்குப் போட்டார். உள்ளிருந்தே டிரில் வைத்தார். துளை மறுபக்கம் திறந்ததும் காற்று சில்லென்று வந்தது. உள்பக்கம் பூச்சி வராமல் இருக்க வலை அடித்தார். வெளிப்பக்கம் மழைத்தண்ணீர் இறங்காமல் மூடி மாட்ட வேண்டும். பின்னால் புதர் மண்டிக் கிடந்தது, மழையும் பிடித்துக்கொண்டது. மழைக்காலம் முடிந்ததும் வந்து மாட்டுகிறேன் என்று போய்விட்டார்.

போவதற்கு முன் வலையின் மேல் ஒரு மெல்லிய காகிதத் துண்டை ஒட்டினார். ஃபேன் ஓடினால் அது அறைக்குள் பறக்கும். ஃபேன் நின்றால் தொங்கிவிடும். ஒரு சின்ன மீட்டரையும் வைத்துவிட்டுப் போனார். மனிதர்கள் வெளிவிடும் கரியமிலவாயு அறையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டுவது அது. வெளிக்காற்றில் நானூறு சொச்சம் இருக்கும். ஆயிரத்தைத் தாண்டினால் ஆட்கள் அடைந்து கிடக்கும் அறை என்று அர்த்தம்.

பகல் சூட்டோடு விளக்குச் சூடும் சேர வேண்டாம் என்று, விளக்கும் ஃபேனும் மாலை ஆறு மணிக்கு ஓடத் தொடங்கும்படி டைமர் வைத்திருந்தாள். காலை பத்து மணிக்கு இரண்டும் நின்றுவிடும். ஆக, எங்கள் நிலவறையில் இரவு என்பது பகல் பத்து மணிக்குத் தொடங்கும்.

பூஞ்சை போன இடம் தெரியவில்லை. செடிகள் மதமதவென்று வளர்ந்தன. ஐந்து தட்டு பதினெட்டுத் தட்டானது. உணவகத்துக்காரர்கள் கூடுதலாகக் கேட்டார்கள். நான் தலை நிமிர்ந்து நடந்தேன்.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது.

விளக்கு மேலே இருக்கிறது. ஆனால் கீழ்த்தட்டுச் செடிகள் மேல்நோக்கி வளரவில்லை. எல்லாம் அந்தத் துளைப் பக்கம் சாய்ந்திருந்தன.

வலையில் நீர்த்துளிகள். உள்பக்கம் அல்ல, வெளிப்பக்கம். தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே குளிர்காலம் தொடங்கியிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மகள் உணவகத்துக்குத் தட்டுகளைக் கொண்டுபோயிருந்தாள். பகல் 11.40க்கு நான் கீழே இறங்கி டார்ச் வெளிச்சத்தில் மீட்டரைப் பார்த்தேன். 1,640. காற்றுக்காரருக்குப் போன் செய்தேன்.

"உள்ள யாருங்க தூங்குறாங்க?"

"யாருமில்ல. காலையிலேர்ந்து பூட்டிக் கிடக்கு."

"செடியும் இருட்டுல கொஞ்சம் விடும்ங்க. ஆனா இவ்ளோ விடாது. இது யாருமில்லாத ரூமோட நம்பர் இல்லீங்க" என்றார். மீட்டர் பழுதாக இருக்கும் என்று நான்தான் அவருக்குச் சமாதானம் சொன்னேன். விஷயம் வெளியே போனால் வீட்டுக்கு ஒரு பெயர் ஒட்டிக்கொள்ளும். மகளின் தொழில் போகும். என் வாக்கின்படி அவளும் போக வேண்டும். மூன்று மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

அந்த வாரத்திலேயே அவளிடமும் மாற்றம் தெரிந்தது. இரவில் கண் மூடாதவள் பகலில் கீழே போய்த் தூங்கத் தொடங்கினாள். ஏன் என்று கேட்டேன். "அங்க படுத்தா தூக்கம் வருதுப்பா" என்றாள். முகத்தில் எதுவும் இல்லை. வலது உள்ளங்கை மட்டும் சிவந்து தோல் உரிந்திருந்தது. "கை ஏன்பா இப்படி எரியுது?" என்று என்னையே கேட்டாள்.

வெள்ளிக்கிழமை. பகல் 12.10.

உணவகத்திலிருந்து போன் வந்தது. அவளைக் கூப்பிடக் கீழே போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே இருட்டு.

தட்... தட்... தட்...

மெல்லிய சத்தம். நிதானமான சத்தம்.

டார்ச்சை ஏற்றினேன். துளைக்கு அருகே தரையில் போர்வை விரித்து, சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நல்ல தூக்கம். வலது கை மட்டும் தூங்கவில்லை. சுவரைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

குழந்தையைத் தூங்கவைக்கத் தட்டுவது போல.

ஃபேன் நின்றிருந்தது. நான் பார்த்தேன். இறக்கைகள் அசையவில்லை.

காகிதம் ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளே வந்தது. நின்றது. வலையோடு ஒட்டிக்கொண்டது. மறுபடி உள்ளே வந்தது.

என் மூச்சாக இருக்கும் என்று நினைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

காகிதம் நின்றது.

அப்பாடா என்று இருந்தது. அவளைப் பார்த்தேன். அவள் மார்பு ஏறி இறங்கியது. அது காகிதத்தை அசைக்கவில்லை. அவள் முகம் வலைக்குக் கீழே, தள்ளி இருந்தது.

நான் இன்னும் மூச்சை விடவில்லை...

காகிதம் அசைந்தது.

நீளமாக ஒன்று. அது வலைக்குத் திரும்பும் முன், நடுவில் குட்டிக் குட்டியாக... வேகமாக... நான்கைந்து துடிப்பு.

மறுபடி நீளமாக ஒன்று.

நடுவில் குட்டியாக...

இரண்டு.

சுவருக்குப் பின்னால் இரண்டு.

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் எழவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"மெதுவா பேசுங்கப்பா... இப்பதான் தூங்குச்சு."

அவளைத் தூக்கிக்கொண்டு எப்படி மேலே வந்தேன் என்று தெரியவில்லை. எனக்கு அறுபத்தெட்டு வயது. கூடத்தில் கடிகாரம் 12.25 காட்டியது. அவளுக்கு எதுவும் நினைவில்லை. எனக்கும் பயம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. வேறு யாருடைய வீட்டிலோ உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

மழைக்காலம் முடிந்திருந்தது. மறுநாள் காற்றுக்காரர் வெளிமூடியோடு வந்தார். பின்பக்கம் புதரை வெட்டிக்கொண்டே போனவர் என்னைக் கூப்பிட்டார். புதருக்குள் வட்டமாக ஒரு மண்மேடு, என் இடுப்புயரம், சுவரை ஒட்டி இருந்தது. சுவரில் துளை எங்கும் தெரியவில்லை. கீழே போய் வலையைக் கழற்றி, நீளமான கம்பி ஒன்றை உள்ளே விட்டார். ஒரு சாண் போனது. பிறகு போகவில்லை. கம்பி நுனியில் மண் ஒட்டியிருந்தது. கெட்டியான, காய்ந்த மண்.

"ஐயா, இந்தப் பக்கம் வெளியே இல்லீங்க. மொத்தமும் மண்ணுதான்."

"அப்ப இத்தனை நாளா காத்து எங்கேருந்து வந்துச்சு?"

அவர் கூலி வாங்கிக்கொள்ளவில்லை. அன்றே அந்தத் துளையைச் சிமெண்ட் வைத்து அடைத்து, பக்கவாட்டுச் சுவரில் உயரமாக வேறு துளை போட்டுக்கொடுத்தார். இப்போது மீட்டர் நானூற்று ஐம்பதைத் தாண்டுவதில்லை. செடிகள் எல்லார் வீட்டுச் செடி போலத்தான் வளர்கின்றன. தட்டு பதினெட்டிலிருந்து ஏழாகக் குறைந்தது. ஏழு தட்டை வைத்துக்கொண்டு சொந்தக் கால் என்று சம்பந்தியிடம் சொல்ல முடியாது. கெடுவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அவள் பையை எடுத்து வைத்துத் துணிகளை மடிக்கத் தொடங்கிவிட்டாள்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டியிருந்தது. வீட்டை விற்ற பெரியவரைத் தேடிப் போனேன். மகன் வீட்டு மாடியில் இருந்தார். என்னைப் போலவே முதுகு வளையாத மனிதர். பின்சுவரை ஒட்டி என்ன இருந்தது என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

"கெணறு. தூர்த்துட்டோம்."

"எப்ப?"

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர்கள் வீட்டுப் பெண் ஒருத்தி புருஷனோடு ஒத்துப்போகாமல் வந்து சில நாள் இருந்தாளாம். பெரியவர்கள் பேசி, திருப்பி அனுப்பிவைத்தார்களாம். கிணறு தூர்த்தது அந்த வாரம்தானாம்.

"குடும்ப மானம்னு ஒண்ணு இருக்கில்லங்க. உங்களுக்குத் தெரியாததா?"

நான் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல். அவர் வாயிலிருந்து அதைக் கேட்டதும் எழுந்துவிட்டேன். அன்று மாலையே சம்பந்திக்குப் போன் செய்து, என் மகள் வரமாட்டாள், என் வாக்கு போனால் போகட்டும் என்று சொன்னேன். வாழ்நாளில் நான் தவறிய ஒரே வாக்கு அது. அதைப் பற்றி யாருக்கும் விளக்கம் சொல்லப் போவதில்லை.

ஆனால் அந்த வீட்டை விட்டு இறங்கும்போது நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

கேட் அருகே பெரியவரின் மனைவி நின்றிருந்தார். மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். நான் அந்த வீட்டில் சுவரைப் பற்றி மட்டும்தான் கேட்டிருந்தேன். மூச்சைப் பற்றியோ காகிதத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் எடுக்கவில்லை.

"அந்தப் பொண்ணு கைக்குழந்தையோட வந்தா" என்றார் தணிந்த குரலில். "குழந்தைய மட்டும் யாருக்கோ வளர்க்கக் குடுத்துட்டதா எங்கிட்ட சொன்னாங்க. இன்னி வரைக்கும் அதை நம்பிட்டுத்தான் இருக்கேன்."

நான் நின்றேன்.

"நானும் அந்தக் கீழ் ரூம்ல காது வெச்சுக் கேட்டிருக்கேன். எனக்கு அப்பவே காது மந்தம். சரியாப் பிடிபடல. நீங்க சொல்லுங்க. மூச்சு ஒண்ணா... ரெண்டா?"

"ஒண்ணுதாம்மா" என்றேன்.

அந்த அம்மாள் என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டைச் சாத்திக்கொண்டார்.