வலைக்குப் போன மருந்து அச்சு

எழுபதுகளின் நடுவில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு தர்ம மருந்தகத்தில் நான் கம்பவுண்டராக இருந்தேன். செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் நானும் ஓர் ஆயாவும்தான். கடற்காற்று, உனக்கென்னடி குறை என்று செங்கல்பட்டில் தோழிகள் பொறாமைப்படுவார்கள். அந்தக் காற்றில் நின்று ஒரே ஒரு சப்போசிட்டரி வார்த்துக் காட்டியிருந்தால் அவர்கள் காலில் விழுந்திருப்பேன்.

சப்போசிட்டரி என்றால் வாயால் விழுங்காமல் ஆசனவாயில் வைத்துக்கொள்ளும் மருந்து. கோகோ வெண்ணெயை உருக்கி, மருந்துத் தூளைக் கலந்து, அச்சில் ஊற்றி இறுக வைக்க வேண்டும். உடம்புச் சூட்டில் உருக வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வெண்ணெய். உடம்புச் சூட்டுக்கும் எங்கள் ஊர் வெயிலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. உருக்கும்போது கொஞ்சம் அதிகமாகக் காய்ந்துவிட்டால் தொலைந்தது, அப்புறம் தலைகீழாக நின்றாலும் இறுகாது. ஃபிரிட்ஜ் கிடையாது. மீன் லாரிக்கு வரும் ஐஸில் கொஞ்சம் கெஞ்சி வாங்கி அச்சை அதில் புதைப்பேன். மருந்து இறுகுவதற்குள் வாசலில் பூனை வந்து உட்கார்ந்துவிடும்.

இத்தனை பாடும் ஒருத்திக்காக. கூடையில் மீன் சுமந்து செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போகிறவள். ஆஸ்துமாக்காரி. மாத்திரை கொடுத்தால் உடனே வாந்தி. இந்த மருந்தை வைத்துக்கொண்டால் மட்டும் விடியற்காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற மூச்சு இருக்கும். இல்லாவிட்டால் பஸ் நிற்கும் இடத்திலேயே கூடையோடு உட்கார்ந்துவிடுவாள். அன்று வீட்டில் அடுப்பு எரியாது.

அவளுக்காகத்தான் டாக்டரிடம் சண்டை போட்டு அந்த அச்சை வாங்கினேன். மெட்ராஸில் கடைக்காரர் குழந்தைகள் அளவில் ஓர் அலுமினிய அச்சை என் தலையில் கட்டப் பார்த்தார். அலுமினியத்தில் லேசாகக் கீறல் விழும், அந்தக் கீறலில் மருந்து ஒட்டிக்கொண்டு உடைந்து வரும். அதெல்லாம் வேண்டாம் என்று பெரியவர்கள் அளவில் கனமான பித்தளை அச்சாகப் பார்த்து எடுத்தேன். இரண்டு பாதிகள், இறுக்க ஒரு திருகு. மூடினால் இடையில் தாள்கூட நுழையாது. மருந்துத் தூளும் இடத்தை அடைக்கும் என்பதால் முதலில் வெறும் வெண்ணெயை வார்த்து, ஒரு குழி எவ்வளவு பிடிக்கும் என்று நிறுத்துப் பார்க்க வேண்டும். மருந்து ஒட்டாமல் வரக் குழிகளில் சோப்பும் கிளிசரினும் ஸ்பிரிட்டும் கலந்து தடவ வேண்டும். ஆறும்போது சுருங்கும், அதனால் கொஞ்சம் வழிய ஊற்றிவிட்டுப் பிறகு கத்தியால் சீவ வேண்டும். இதெல்லாம் கைக்குப் பழகி, மருந்தும் ஒழுங்காக வர ஆரம்பித்திருந்தது. நிம்மதியாக இருக்க விடுவார்களா?

ஒரு திங்கட்கிழமை அலமாரியைத் திறந்தால் அச்சு பளபளவென்று மின்னுகிறது. வாங்கின அன்றுகூட அப்படி மின்னவில்லை. சந்தேகப்பட்டு எடுத்துப் பார்த்தேன். குழிகளுக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. மூடிப் பார்த்தால் பாதிகள் சேரவில்லை, இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. ஓரத்தில் ஒரு பொட்டு ஈயம்.

ஆயாவைக் கூப்பிட்டேன். அவள் எதையும் ஒளிக்கவில்லை. மீன்காரி வீட்டு வலை தண்ணீரில் இறங்க ஈயக் குண்டு வேண்டியிருந்ததாம். சனி ஞாயிறு சும்மாதானே கிடக்கிறது என்று அச்சை எடுத்துக் கொடுத்தாளாம். குழி நடுவில் கம்பி வைத்து ஈயத்தை ஊற்றினார்களாம், கயிறு கோக்க ஓட்டையோடு குண்டுகள் அம்சமாக வந்தனவாம். திருப்பி வாங்கியதும் புளி போட்டுத் தேய்த்து வைத்தாளாம். பாராட்டுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஈயம் விஷம், இனி இதில் மருந்து வார்க்கவே முடியாது என்று தொண்டை கிழியக் கத்தினேன். அதற்குத்தான் புளி போட்டுத் தேய்த்தேனே என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் மீன்காரி வந்தாள். மூச்சு விசில் அடித்தது. மருந்து இல்லை, போ என்று சொல்லத்தான் நினைத்தேன், வாய் வரவில்லை. வெண்ணெயைத் துருவி, தூளைச் சேர்த்து மருந்து அரைக்கும் கல்வத்தில் பிசைந்து, நிறுத்துப் பங்கு போட்டு, ஐஸ் தண்ணீரில் கையை முக்கி முக்கி ஒவ்வொன்றாக உருட்டினேன். விரல்கள் மரத்துப்போயின. மருந்தின் அளவு சரி, உருவம்தான் கோரம். ஒன்று தடி, ஒன்று ஒல்லி. ஐஸ் போட்ட டப்பாவில் வைத்துக் கொடுத்தேன். அவள் திறந்து பார்த்தாள்.

"இன்னாம்மா இது, கொயுக்கட்ட மாதிரி கீது?"

அவ்வளவுதான். அச்சை எடுத்து அவள் முன்னால் போட்டேன். இது யார் செய்த வேலை, உன் மூச்சுக்கு நீயே உலை வைப்பாயா, உன் புருஷன் கேட்டால் உனக்கு அறிவு எங்கே போயிற்று என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். புருஷன் கேட்கவில்லையாம். அவளுக்கே தோன்றியதாம். நான் கொடுத்த மருந்தை முதல்முறை பார்த்தபோதே வலைக் குண்டுக்கு இதுதான் சரியான உருவம் என்று மனதில் பட்டுவிட்டதாம்.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்து மூச்சைச் சேர்த்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"நீ குட்க்கற மருந்து நா கூடையத் தூக்கறதுக்குத்தானம்மா. வல ஒயுங்கா எறங்கி மீனு நல்லா பட்டுதுன்னா, லாரிக்காரன் கரைக்கே வந்து எட்த்துகினு பூடுவான். கூடையே தூக்க வாணாம்னு பாத்தேன்."

என் கோபம் அப்போதும் போகவில்லை. அவள் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

மறுவாரம் அதே நேரத்துக்கு வந்தாள். வலையில் என்ன பட்டது என்று நான் கேட்கவில்லை. கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, மருந்து கேட்டாள்.