ஜிம்மிக்குக் கொழுப்பு ஆகாதுன்னு சொன்ன பாக்கியம்

பாக்கியம் போயிட்டா.

காலைல அவ மகன் சின்னாளபட்டிலருந்து போன் பண்ணான். "மாமா, அம்மா போயிருச்சு"ன்னான்.

இங்க நெறைய பேருக்கு அவளத் தெரியாது. அறுபதுகள்ல திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மிலிட்டரி ஓட்டல்ல ரெண்டு பேரும் வேல பாத்தோம். நான் பத்தாவத பாதில விட்டுட்டு வந்த சர்வர், அவ மசாலா அரைக்கிறவ. ஒரே வயசு. வாய்ல மட்டும் அவ பெரியவ.

அவகிட்ட ஜிம்மின்னு ஒரு வெள்ளச் சடைநாய். பூனை சைஸ்தான் இருக்கும். ரயில்வே கார்டு ஒருத்தர் டிரான்ஸ்பர்ல போறப்ப விட்டுட்டுப் போனது.

சாப்புட வாரவுக எல்லாம் பாசமா கறிக் கொழுப்பத் தூக்கிப் போடுவாக. அதுவும் வால ஆட்டிக்கிட்டுத் திங்கும்.

ஒருநாள் ஒரே வாந்தி. அப்புறம் முன்னங்கால நீட்டி, பின்பக்கத்த மட்டும் தூக்கிக்கிட்டு அப்படியே நின்னுச்சு... மொதலாளிக்கு சலாம் போடுதுன்னு சிரிச்சானுங்க. பாக்கியம் சிரிக்கல. வாரித் தூக்கிக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடுனா.

கணையம் வீங்கியிருக்குன்னாரு டாக்டர். ஊசி போட்டாரு. இனிமே கொழுப்பு, எண்ணெய் எதுவும் வாயில படக்கூடாது, இந்த மாதிரி குட்டி நாய்க்கு இன்னொருவாட்டி வந்தா தாங்காதுன்னு சொல்லி அனுப்புனாரு.

அன்னைலருந்து ஜிம்மிக்குக் கொழைஞ்ச சோறு, அவிச்ச முட்டைல வெள்ளக்கரு. ஒரேயடியா வைக்க மாட்டா, கொஞ்சங் கொஞ்சமாத்தான். மஞ்சக்கரு எனக்கு. நான் நல்லா தேறிட்டேன்.

நாய்க்கு இன்னும் முழுசா ஆறல. ஒரு ஞாயித்துக்கிழம, ஓட்டலுக்குக் கறி போடுற காளையண்ணன் சாப்புட்டுக்கிட்டே இத்தாப்பெரிய கொழுப்புத் துண்ட அதுக்குப் போட்டாரு. பாக்கியம் கையச் சேலைல தொடச்சுக்கிட்டே ஓடியாந்து, நாய் வாய்க்குள்ள விரல விட்டுப் பிடுங்குனா. பிடுங்கிட்டு அவரப் பாத்து,

"இம்புட்டுக் கொழுப்பு ஆகாதுண்ணே."

அவ சொன்னது நாய்க்கு. ஆனா ஓட்டலே அவரத்தான் சொல்றான்னு நெனச்சுச்சு. அவரும்தான்...

"யாருக்குடி கொழுப்பு?"ன்னு எந்திரிச்சுட்டாரு. இவ மன்னிப்புக் கேக்கணும், இல்லாட்டி நாளைலருந்து கறி கெடையாதுன்னாரு. மொதலாளி பயந்துட்டாரு. கேட்டுரு, இல்லாட்டி வேலைய விட்டுக் கெளம்புன்னு அவகிட்ட சொல்லிட்டாரு. அவ கூலிய நம்பித்தான் அவ வீட்டுல அடுப்பு எரிஞ்சுச்சு.

அவ கேக்கல. ஜிம்மியத் தூக்கி அவருகிட்ட நீட்டுனா.

"ஆட்ட அறுத்து உள்ள இருக்குறதெல்லாம் பாத்தவுக நீங்க. இதுக்கு உள்ள வீங்கிக் கெடக்குண்ணே, கொழுப்பு பட்டா செத்துரும். தொட்டுப் பாருங்க. நான் சொன்னது தப்புன்னா இப்பவே போயிர்றேன்."

காளையண்ணன் அது வயித்துல கைய வச்சாரு. ஜிம்மி கடிக்கல, கத்தல... ஒடம்ப மட்டும் சுருட்டிக்கிச்சு. டக்குன்னு கைய எடுத்துட்டாரு.

அப்புறம் உக்காந்து, என்னையப் பாத்து, "என்னலே வேடிக்க... ரசத்தக் கொண்டா"ன்னாரு.

அம்புட்டுதான். மறுநாள் கறியும் வந்துச்சு, பாக்கியமும் வந்தா.

பின்னாடி பொண்ணு பாக்க நெசவுக்காரக் குடும்பம் ஒண்ணு வந்துச்சு. அவுககிட்ட அவ கேட்டது ஒரே கேள்விதான்... உங்க வீட்டுல மிச்சம் மீதியெல்லாம் நாய்க்குப் போடுவீகளா? மாப்பிள்ளை முழிச்சான். போட மாட்டோம்னு சொன்னப்புறம்தான் காபியே குடுத்தா.

ஜிம்மியும் அவளோட சின்னாளபட்டிக்குப் போச்சு. பல்லெல்லாம் கொட்டி, கெழடு தட்டித்தான் செத்துச்சு. அந்தச் சின்ன உசுரு அம்புட்டு வருசம் இருந்துச்சுன்னா அது பாக்கியம் பாத்த பாடு. அவகூட வேல பாத்தவன்டா நான்.

சாயங்காலம் எடுக்குறாகளாம். செம்பட்டில பஸ் ஏறிட்டேன்.

செத்த இரு பாக்கியம்... வந்துக்கிட்டே இருக்கேன்.