பன்னிரண்டாம் எண் வீட்டுப் படம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், "எந்தத் தேதி, எத்தனை மணிக்கு?" என்று கேட்டு வாயை அடைப்பவன் நான். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், நம்புவது உங்கள் விருப்பம்.

கடலூர் சிப்காட் பக்கம் கம்பெனித் தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு தெருவை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும், சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறிப் போய், நினைவுக்கு இருக்கட்டும் என்று வீடு வீடாகப் படம் எடுத்தேன். தேதி பிசகக் கூடாதென்று அந்தந்த வீட்டுத் தினக்காலண்டரைக் கையில் பிடித்து வாசலில் நிற்கச் சொல்வேன். பூட்டிய வீட்டை எடுப்பதில்லை. பன்னிரண்டாம் எண் பூட்டியிருந்தது. நோட்டில் 'பூட்டு, எடுக்கவில்லை' என்று எழுதினேன்.

ஒரு வருடம் கழித்து அந்த வீட்டு ஸ்டெல்லா போன் செய்தாள். அடுக்குமாடியில் யார் யாருக்கு வீடு என்று கணக்கெடுக்க வந்தவர்களும் நான் வந்த அதே வாரம் பூட்டைப் பார்த்து 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டார்களாம். அப்போது அவள் தலைப்பிரசவத்துக்குக் கிள்ளையில் அம்மா வீட்டில், கணவன் ஷிப்டில். ரேஷன் கார்டோ பழைய ஊரான அண்ணாகிராமம் முகவரியில். குடியிருந்ததற்கு ஆதாரம் காட்டாவிட்டால் புதுவீடு கிடையாது, நாளைதான் கடைசி நாள்.

"உன் வீட்டை நான் எடுக்கலையேம்மா."

"ஒரு தரம் பாத்துருங்க மாமா. இல்லன்னா நாங்க ரோட்லதான்."

கம்ப்யூட்டரில் தேடினேன். பதினொன்றுக்கும் பதிமூன்றுக்கும் நடுவில் பன்னிரண்டு இருந்தது. கதவு திறந்திருக்க, அன்றைய தாளோடு காலண்டரை வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு ஸ்டெல்லா சிரிக்கிறாள். அனுப்பினேன்.

"நான் அன்னிக்குக் கிள்ளையிலதானே இருந்தேன்!" என்றாள்.

மறுநாள் வீடு ஒதுக்கும் ஆபீஸுக்குத் தெருவே வந்தது. அதிகாரி அம்மா தேதியைப் பார்த்துவிட்டு, "நீங்க எடுத்ததா?" என்றார்.

"என் கம்ப்யூட்டர்லதான் இருக்கு. ஆனா எடுக்கலைன்னு என் நோட்டுல இருக்கு" என்று உள்ளதைச் சொன்னேன்.

"போட்டோ மாமாவுக்கு வயசாயிடுச்சு மேடம், நேத்து சாப்ட்டதே ஞாபகம் இருக்காது!" என்றான் பக்கத்து வீட்டுக்காரன். தேதி பிசகாத எனக்கு அது ரோஷமாகத்தான் இருந்தது.

"சரி, இந்தப் பொண்ணு அங்க இருந்தவதானா?"

"நாலு வருசமா இருந்தவங்க!" தெருவே கத்தியது. கையெழுத்து விழுந்தது. நான்கூட விசிலடித்தேன்.

ஸ்டெல்லா புதுவீட்டுக்குக் குடிபோன அன்று அந்தப் படத்தைப் பெரிதாக்கி ஃபிரேம் போட்டு எடுத்துப் போனேன். பிரியாணி வாசனைக்கு நடுவே மாட்டிய பிறகுதான் அவள் காட்டினாள். படத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து அவள் புடவையை ஒரு சின்னக் கை பற்றியிருந்தது, கறுப்பு வளையலோடு. மகளைத் தூக்கி அவள் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். அதே அளவு, அதே வளையல்.

நான் அந்தத் தெருவைப் படம் எடுத்த தேதிக்கு, அந்தக் குழந்தை பிறக்க இன்னும் பதினோரு நாள் இருந்தது.