டாஷ்போர்டுக்கு உப்பு ஒத்தடம்

எழுபதுகளில் தூத்துக்குடியில் நான் மரவேலை செய்துகொண்டிருந்தேன். உப்பள முதலாளி ஒருவரின் பழைய சீமைக் காரில், டாஷ்போர்டில் ஒட்டியிருந்த வெனீர், அதாவது மெல்லிய மரத்தகடு, கடல்காற்றில் புடைத்து உரிந்துவிட்டது. "ரெக்சின் ஒட்டிருதேன் அண்ணாச்சி" என்றான் அவருடைய மெக்கானிக். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "மரம் இருந்த எடத்துல மரந்தாம்லே இருக்கணும்" என்று வேலையை நானே வாங்கிக்கொண்டேன்.

தேக்கு வெனீரை, சூட்டில் இளகி ஆறினால் இறுகும் வச்சிரப் பசையால் ஒட்டினேன். வளைவில் மட்டும் படியாமல் எழும்பியது. இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் அங்கே நிற்கவில்லை. முதலாளியின் உப்பையே வறுத்துத் துணியில் முடிந்து, முழங்கால் வலிக்குக் கொடுப்பதுபோல ஒத்தடம் கொடுத்து, மூட்டையை அப்படியே அழுத்தி வைத்தேன். ஆறியதும் நகத்தால் தடவிப் பார்த்தேன். விளிம்பே தட்டவில்லை.

முதலாளி வந்து அந்த வளைவைத் தடவிப் பார்த்தார். எப்போதும் பின்சீட்டில் சாய்ந்து போகிறவர், அன்று முன்கதவைத் திறந்து டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனார்.