கோட்டைமணல் தொகுதி, சப்கா பஸ் நிலையத்தின் பின்புறம்

காலை பதினொன்று இருபது வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பதினொன்று இருபத்தொன்றுக்கு என் மகள் கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்பா, இதுல உங்க பேரு இல்ல" என்றாள்.

வாக்காளர் பட்டியலைத் திருத்துகிறார்கள் அல்லவா, உங்கள் வீட்டுக்கும் படிவம் வந்திருக்கும். அதில் ஒரு கட்டம், இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டுப் பட்டியலில் உங்கள் பெயர் எங்கே இருந்தது என்று கேட்கிறது. அப்போது பிறக்காத பிள்ளைகள் தாய் தகப்பன் பெயர் இருந்த இடத்தைக் காட்டலாம். என் மகளுக்கு இருபது வயது. பிறந்தது துபாயில், ஒரே பிள்ளை. என் அப்பாவும் அம்மாவும் அந்தப் பட்டியலுக்கு முன்பே போய்விட்டார்கள். என் மனைவி சிறு வயதிலேயே பெற்றவர்களை இழந்தவள். எனவே மகள் இந்த ஊர்க்காரி என்று காட்ட நாங்கள் இரண்டு பேர்தான் உண்டு.

பழைய தொகுதிகளின் வரிசையில் கோட்டைமணல் என்ற பெயரைப் பார்த்ததும் முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நின்றுபோன பஸ்ஸின் நேரம் எழுதிய பலகையைப் பார்ப்பது போல் ஒரு சந்தோஷம். மகள் எங்கள் தெருவைத் தேடி எடுத்தாள். கதவு எண் நாற்பத்தொன்று இருந்தது, நாற்பத்து மூன்று இருந்தது. "நடுவுல நம்ம வீடு எங்கப்பா போச்சு?" என்று கேட்டாள்.

எங்கே போனது என்று எனக்குத் தெரியும். அதை எடுத்தவன் நான்தான். என் கையெழுத்தில், கறுப்பு மையில்.

கோட்டைமணல் தொகுதி இப்போது இல்லை. ஆனால் அதை நான் முழுசாகப் பார்த்தது இந்த ஊரில் அல்ல, துபாயில். தேராவில் சப்கா பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மண் தரை இருந்தது. கார் நிறுத்துகிற இடம். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் எங்கள் ஆட்கள் அங்கே ஒரு விளக்குக் கம்பத்தின் அடியில் கூடுவார்கள். அந்த இடத்துக்கே தொகுதி என்றுதான் பெயர். "வெள்ளிக்கிழமை தொகுதிக்கு வந்துரு" என்றால் அந்தக் கம்பத்துக்கு வா என்று அர்த்தம். வேறு கம்பங்களில் வேறு ஊர்கள் நின்றன. ஆந்திராக்காரர்களுக்கு ஒன்று, பெஷாவர்காரர்களுக்கு ஒன்று.

ஏன் தொகுதி என்று நீங்கள் கேட்கலாம். நானும் போன புதிதில் கேட்டேன். கிராமம் என்று பார்த்தால் இரண்டு பேர் தேறுவார்கள். மாவட்டம் என்று பார்த்தால் முகம் தெரியாத ஆயிரம் பேர். தொகுதி என்றால்தான் ஒருவன் லீவில் போகும்போது மற்றவர்களுடைய வீடுகளுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் தூரம். கோட்டைமணல் பஸ் நிலையத்தில் இறங்கினால் கடற்கரைப் பக்கம் ஐந்து ஊர், கரிசல் பக்கம் பத்து ஊர், எல்லாவற்றுக்கும் டவுன் பஸ் உண்டு. லீவில் போகிறவன் முதல் இரண்டு நாள் தன் வீட்டில் இருக்க மாட்டான். யார் வீட்டுக்கோ தைலம், யார் வீட்டுக்கோ மருந்து, யார் பிள்ளைக்கோ பென்சில் டப்பா என்று பஸ் பஸ்ஸாக ஏறி இறங்குவான். நானும் அப்படி அலைந்திருக்கிறேன். பார்த்தே இராத வீடுகளில் எனக்கு மோர் கிடைத்திருக்கிறது.

அந்த மண் தரையின் வாசனை இன்னும் இருக்கிறது எனக்கு. டீசல், வியர்வை, பக்கத்துக் கடையிலிருந்து வரும் ஊது என்கிற அகில்கட்டைப் புகை, அதற்கு நடுவே யாரோ பிரிக்கும் மிக்சர் பொட்டலம். செய்யது பாய் ஒரு மடக்கு நாற்காலி கொண்டு வருவார். கடற்கரை ஊர்க்காரர், தேராவில் கம்பளிப் போர்வைக் கடை. ஐம்பது டிகிரி வெயிலில் கம்பளி விற்கிற மனிதர் என்று எல்லோரும் கேலி செய்வோம். "குளுரு வரும் தம்பி, எல்லாருக்கும் ஒரு நாள் வரும்" என்பார்.

அல் கூஸ் தொழிலாளர் கேம்பிலிருந்து காசி வருவான். சாரம் கட்டுகிறவன், கரிசல் பக்கம். எங்கள் தொகுதியின் சரித்திரம் முழுவதும் அவனுக்கு மனப்பாடம். எந்தத் தேர்தலில் யார் நின்றார்கள், யார் யாரைக் கவிழ்த்தார்கள், எல்லாம். ஒரு இடைத்தேர்தலுக்குப் போட்ட ரோடு ஓட்டு எண்ணி முடிந்த அன்று எந்தப் புளியமரத்தடியில் நின்றதோ, அங்கேயேதான் இன்னும் நிற்கிறது என்பான். நாலு தடவை சுயேச்சையாக நின்று நாலு தடவையும் தோற்ற ஒரு ஹோட்டல்காரரைப் பற்றிச் சொல்வான். கடைசித் தடவை அவர் ஓட்டே கேட்கவில்லையாம். வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்து, "போட்டாலும் சரி, போடாட்டியும் சரி, காப்பி எப்பிடி?" என்றாராம்.

"நீ ஓட்டுப் போட்டுருக்கியாடா காசி?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு தடவைண்ணே. அடுத்ததுக்குள்ள பாஸ்போர்ட் வந்துருச்சு."

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன். பி.காம் படித்தவன். கட்டடச் சாமான் விற்கும் ஒரு ஆபீஸில் எழுத்தர். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று நாலு பேர் சொல்லி, அதை நானும் நம்பிக்கொண்டிருந்த காலம். இரண்டாயிரத்து ஒன்றில் கேம்பில் ஒரு புரளி கிளம்பியது. வெளிநாட்டில் விசாவில் இருக்கிறவன் பெயர் ஊர்ப் பட்டியலிலும் இருந்தால் குற்றம், அடுத்த தடவை பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போனால் பிடித்து வைத்துவிடுவார்கள் என்று. யார் சொன்னது என்று கடைசி வரை தெரியவில்லை. கேம்பில் அடுப்பு பற்றுவதைவிடச் சீக்கிரம் புரளி பற்றும். பாஸ்போர்ட் என்றதும் யாரும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுவே கம்பெனிக்காரன் வாங்கித் தன் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிற சாமான்.

செய்யது பாய் என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்க படிச்சவுக. என்னான்னு பாருங்க."

நான் பார்த்தேன். விசாரித்தேன், ஒரு புத்தகத்தைக்கூடப் புரட்டினேன். பிடித்து வைப்பார்கள் என்பது பொய். ஆனால் ஊரில் வசிக்காதவன் பெயர் பட்டியலில் இருக்கக் கூடாது என்பது அன்றைய சட்டப்படி உண்மைதான். அந்த உண்மையோடு நிறுத்தியிருக்கலாம். கிடந்தால் கிடந்துவிட்டுப் போகிறது என்று சொல்லியிருக்கலாம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். நானோ நேர்மையாளன். அதைவிட, எனக்கு எழுத ஒரு வேலை கிடைத்துவிட்டது.

மூன்று வெள்ளிக்கிழமை எழுதினேன். ஒரு காரின் முன்மூடியில் துண்டை விரித்து, அதன் மேல் தாளை வைத்து, "நான் தற்சமயம் இத்தொகுதியில் வசிக்கவில்லை. ஆகவே என் பெயரை நீக்கிவிடக் கேட்டுக்கொள்கிறேன்" என்று முப்பத்தேழு தடவை. முதல் தாள் எனக்கே. ஒவ்வொன்றிலும் ஊர், தெரு, கதவு எண். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்காக ஆபீஸிலிருந்து மை வில்லை கொண்டுபோனேன். கட்டை விரலை வைத்துவிட்டுப் பாண்டில் துடைத்துக்கொண்டு போனார்கள். "எழுத்து என்னமா இருக்கு" என்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

காசி மட்டும் மல்லுக்கு நின்றான்.

"பேரு பாட்டுக்குக் கெடக்கட்டுமேண்ணே. சோறா கேக்குது?"

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்லடா."

"வீட்டப் பூட்டிட்டு வந்துருக்கோம். அதுக்காக வீடே இல்லன்னு எழுதிக் குடுப்பாகளா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சட்டத்தை இன்னொரு தடவை விளக்கினேன். கடைசியில், "படிச்சவரு சொல்றீங்க, சரிண்ணே" என்று அவனும் போட்டான். முப்பத்தாறாவது தாள் அவனுடையது. அந்த வருஷம்தான் என் மனைவி வந்து சேர்ந்திருந்தாள். ஷார்ஜாவில் ஒற்றை அறை வீடு. முப்பத்தேழாவதை அவளிடம் நீட்டினேன். "நானுமா? நான் வந்தே நாலு மாசந்தான் ஆகுது" என்றாள். ஆளுக்கு ஒரு நியாயம் கூடாது என்று சொன்னேன். அப்படி எல்லாம் பேசுவேன் அப்போது. தாள்களெல்லாம் லீவில் போன ஒருவரின் பெட்டியில், தைலப் புட்டிகளுக்கு நடுவில், கோட்டைமணல் தாலுகா ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தன. கேட்டபடி நீக்கிவிட்டார்கள். கேட்டதைச் செய்தவர்கள் மேல் என்ன குற்றம்?

பெயர் போனதால் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாயிரத்து ஆறில் தேர்தல் வந்தபோது கம்பத்தடியில் எங்களைவிடத் தீவிரமாக யாரும் தேர்தல் நடத்தியிருக்க மாட்டார்கள். ஆளுக்கொரு போன் கார்டை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் பேசி, யாருக்குப் போட வேண்டும் என்று சண்டை பிடித்தார்கள். ஓட்டில்லாத முப்பத்தாறு பேர் ஒரு தொகுதியை இரண்டாகப் பிளந்து மூன்று வாரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு மிக்சர் பொட்டலம் சேர்த்துவைத்தது.

இரண்டாயிரத்து எட்டில் செய்யது பாய் ஒரு பழைய தமிழ்ப் பேப்பரைக் கொண்டுவந்து நாற்காலியில் வைத்தார். தொகுதிகளை மாற்றி வரைந்துவிட்டார்கள். கோட்டைமணல் என்ற பெயரே புதுப் பட்டியலில் இல்லை. கடற்கரை ஊர்கள் தெற்கே ஒரு தொகுதிக்கு, கரிசல் ஊர்கள் மேற்கே ஒன்றுக்கு, கோட்டைமணல் ஊர் மட்டும் வடக்கே பெயர் தெரியாத ஒன்றுக்கு.

காசி பேப்பரை வாங்கி இரண்டு தடவை படித்தான். "அப்ப பாய், இனிமே நீங்க எனக்கு வெளிநாடு" என்றான்.

"விசா எடுத்துட்டு வாடா" என்றார் பாய்.

சிரித்தோம். ஆனால் அடுத்த லீவிலேயே அது தெரிந்துவிட்டது. "மேற்கால ஊருக்கெல்லாம் நம்மால போக முடியாது, அவுக ஆள் யாராவது போனாக் குடுத்து விடுங்க" என்று ஒருவர் சாமானைத் திருப்பிக் கொடுத்தார். டவுன் பஸ் அதேதான், வழியும் அதேதான். ஒரு கோட்டைத் தாளில் வரைந்ததும் மனிதனுக்குக் கால் வலிக்கத் தொடங்குகிறது. ஒரு கம்பம் மூன்று கம்பமானது. சில மாதம் செய்யது பாய் நாற்காலியோடு மூன்றுக்கும் நடுவில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு அவரும் வருவதை விட்டுவிட்டார்.

அடுத்த வருஷம் வேலைகள் நின்றன. என் ஆபீஸில் ஒரே நாளில் பாதி மேஜை காலி, என்னுடையதும் அதில் ஒன்று. ஊருக்குக் கிளம்பினோம். மகளுக்கு நாலு வயது. ஏர்போர்ட்டில் தூங்கிவிட்டாள். காசி புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகளுக்குச் சாரம் கட்டப் போனான் என்று கேள்விப்பட்டேன். நம்பர் மாறிவிட்டது. செய்யது பாய் கடையை மூடிவிட்டு ஊர் வந்தார், இரண்டு வருஷம்கூட உயிரோடு இருக்கவில்லை. அந்த மண் தரைக்கு நாங்கள் கிளம்பும் முன்பே தகர வேலி போட்டுவிட்டார்கள்.

தொகுதி போனது, கம்பம் போனது, ஆட்கள் போனார்கள். அதையெல்லாம் ஒரு மாதிரி விழுங்கிக்கொண்டுவிட்டேன். விழுங்க முடியாதது இந்த நாற்பத்திரண்டாம் எண் வீடு. எனக்கு ஐம்பத்து நாலு வயது, என் பெயர் எங்கே இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. மகளுக்கு இனிமேல்தான் எல்லாமே. பிறந்த இடம் துபாய் என்று அவள் பாஸ்போர்ட் சொல்கிறது. தகப்பன் எங்கே இருந்தான் என்று பட்டியல் சொல்லவில்லை. மூன்று நாளாக அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தாறாம் தாள் காசியின் பிள்ளைகளும் இதே கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். "அப்பா, ஏன் அப்பிடி எழுதுனீங்க?" என்று மகள் ஒரே ஒரு முறை கேட்டாள். அச்சு மாதிரி கையெழுத்து என்று பதில் சொல்ல முடியுமா?

நான்காம் நாள் மாலை படிவம் வாங்க வந்தார்கள். எங்கள் பகுதிக்கு ஓர் அங்கன்வாடி ஆசிரியையை நியமித்திருக்கிறார்கள், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வெயிலில் அலைந்து முகம் கறுத்திருந்தது. மனைவி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, படிவத்தை மடியில் வைத்து விரலால் வரி வரியாகப் பார்த்தார்.

"சார், இங்க தொகுதி பேரு எழுதணும். நீங்க ஊர்ப் பேர எழுதிருக்கீங்க."

"அதுதாம்மா தொகுதி. கோட்டைமணல் தொகுதி."

"அப்பிடி ஒண்ணு இருந்துச்சா சார்?" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். பிறகு பாகம் எண், வரிசை எண் எதுவும் இல்லாததைப் பார்த்தார். கதவருகில் நின்ற என் மகளைப் பார்த்தார். படிவத்தை அலுங்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"பாப்பாவுக்கு நோட்டீஸ் வரும் சார், பயப்படாதீங்க. கூப்புடுற அன்னைக்கு, நீங்க அந்த வருஷம் இந்த ஊர்லதான் இருந்தீங்கன்னு உங்க கைப்பட எழுதுன பழைய காயிதம் ஏதாச்சும் ஒண்ணு இருந்தாக்கூட எடுத்துட்டு வாங்க."