கேட்காமல் விட்ட கேள்வி

அறுபதுகளில் மட்டக்களப்புக் கோட்டில் அரசாங்கத்துக்காக வழக்குப் பேசும் பிறக்கிராசியாக இருந்தேன். அப்போது நான் செய்த ஒரு கேவலத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண்வீட்டுக்குப் போவான். கல்லடியில் நான் இருந்ததும் மனைவியின் தாய்மாமன் கட்டிக்கொடுத்த வீடு.

கிரானில் ஒரு போடியார், தன் வயலைக் குத்தகைக்குச் செய்தவனோடு கோபித்து, அவனுடைய நெற்போருக்கு நெருப்பு வைத்துவிட்டார். வழக்குக்கு முதல் நாள், நான் சோறு தின்றுகொண்டிருக்க, மாமன் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"மருமகன், போடியார் நம்மட எம்.பி.க்கு வேண்டிய ஆள். நெருப்பு வெச்சதக் கண்டது குத்தகைக்காரன்ட பொஞ்சாதி மட்டும்தான். அவளிட்டக் கனக்கக் கேக்காதீங்க."

மனைவியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சுவர், கதவு, நான் கைகழுவும் செம்புகூட அவர்கள் தந்ததுதான். "ஓம்" என்றேன்.

மறுநாள் சாட்சிக் கூண்டில் ஏறியவளிடம் பெயரையும் ஊரையும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீதிபதி அவளை இறங்கச் சொன்னார். அவள் இறங்காமல் என்னையே பார்த்தாள்.

"ஐயா, நான் கண்டத இன்னும் கேக்கல்லியே?"

நான் வழக்குக் கட்டின் காகிதங்களைப் புரட்டினேன்.

போடியார் அன்றே விடுதலையாகி வீட்டுக்குப் போனார். நானும் மாமன் கட்டிக்கொடுத்த வீட்டுக்குத்தான் போனேன். போவதற்கு எனக்கு வேறு வீடு இருக்கவில்லை.