பத்தரைக்கு முன் ஒரு ஆணி

பிள்ளைகளே, அப்பாவை ஏன் களஞ்சிய அறைக்கு மாற்றினார்கள் என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்கள். முழங்கால் வலி என்று சொல்லி வைத்தேன். அது பொய். நான் பெரிய படிப்புப் படித்தவனில்லை. எழுத வருகிற அளவுக்கு நடந்ததை எழுதுகிறேன்.

கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் இருக்கும் எங்கள் தேயிலை பொதியிடும் தொழிற்சாலையில், வெளியிலிருந்து வேலைக்கு வருகிறவர்களைக் கவனிப்பதுதான் என் பொறுப்பாக இருந்தது. வயர் இழுக்க வந்தாலும் கூரை மாற்ற வந்தாலும் முதலில் என்னிடம் வர வேண்டும். நான் படிவம் நிரப்பிக் கையெழுத்து வைத்தால்தான் வேலையைத் தொடலாம். கூரை வேலையென்றால் கால் வைக்க மிதிபலகை போட்டாயிற்றா, இடுப்புப் பட்டி கட்டியாயிற்றா, கீழே ஆள் நடக்காமல் கயிறு கட்டியாயிற்றா என்று அதில் கேள்விகள் இருக்கும். கண்ணால் பார்த்த பிறகுதான் சரி போட வேண்டும். அப்படித்தான் போட்டு வந்தேன், அந்த வெள்ளிக்கிழமை வரை.

பொதியிடும் கூடத்தின் பழைய அஸ்பெஸ்டஸ் கூரையை மாற்றும் வேலை. கம்பளையிலிருந்து ஒரு கொந்தராத்துக்காரர் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நம்ம ஆள்தான், வாயில் சிரிப்பு ஓயாது. “அண்ணே, நீங்க பேப்பர் எழுதி முடிக்கிறதுக்குள்ள புதுக் கூரையும் பழசாகிரும்” என்று என்னைக் கிண்டல் செய்தார்.

பலகையும் பட்டியும் ஏற்றிய லொறி கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தது. மணி பத்தைத் தாண்டியது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் என்பது உங்களுக்கும் தெரியும். புது வேலையை அதற்குள் கை வைத்துத் தொடங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பன்னிரண்டு மணி வரை யாரும் தொடமாட்டார்கள். இது அவர் பழக்கம் மட்டுமில்லை, என் பழக்கமும்தான்.

“ஒரே ஒரு ஆணி அண்ணே. ஓரத்துல ஒன்னக் கழட்டிட்டு இறங்கிருவான். லொறி வந்ததும் ஒழுங்கா ஏறுவோம்.”

“பலகை இல்லாம எப்படிங்க?”

“செவத்துக்கு மேலதானே நிக்கப் போறான். நீங்களே கீழ நின்னு பாருங்க.”

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபது. கையெழுத்து இல்லாமல் ஏணியை வைக்கக் காவலாளி விடமாட்டார். எப்படியும் வரப்போகிற பலகைதானே என்று நினைத்து எல்லாக் கேள்விக்கும் சரி போட்டுக் கையெழுத்து வைத்தேன். கொந்தராத்துக்காரர் தேங்காய் உடைத்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று பேரில் மூத்தவர் ஏறினார். ஓரத்துத் திருகாணி துருப்பிடித்துத் திரும்பவில்லை. “இது வராது, அடுத்ததப் பார்க்கிறேன்” என்று சொல்லிக்கொண்டு நாலு எட்டு உள்ளே நகர்ந்தார். வெளிச்சம் வருவதற்காக இடையிடையே போட்டிருந்த, ஆள் பாரம் தாங்காத பிளாஸ்டிக் தகடுகள் பாசி பிடித்து மற்றத் தகடுகளைப் போலவே இருந்தன. அவர் கால் வைத்தது அப்படி ஒன்றில். ஏணியடியில் நின்ற எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

உள்ளே ஓடினோம். சீமெந்துத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். நினைவு இருந்தது. இடுப்பும் வலது காலும் முறிந்து போயிருந்தன.

அவரை வேனில் ஏற்றி அனுப்பிய பிறகு கொந்தராத்துக்காரர் என்னை ஓரமாக இழுத்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“அந்தப் பேப்பர் இன்னும் ஒங்க பொக்கட்லதானே இருக்கு? கிழிச்சுருங்க. அவன் சொல்லாமக் கொள்ளாம ஏறிட்டான்னு சொல்லிருவோம். ஒங்களுக்கும் பிள்ளைங்க இருக்கு, எனக்கும் இருக்கு. அவன நான் பார்த்துக்கிறேன்.”

நான் கிழிக்கவில்லை. ஆனால் கொடுக்கவுமில்லை. மெனேஜர் கேட்டபோது, திங்கட்கிழமை எழுதித் தருகிறேன் என்றேன். உங்களுடைய ஸ்கூல் செலவு, வீட்டு வாடகை எல்லாம் அந்த ஒரு தாளில் தொங்குவது போல இருந்தது. அன்றிரவு சட்டையைத் தோய்க்க எடுத்த அம்மாவிடம் வேண்டாம் என்று கத்தினேன், நினைவிருக்கிறதா? தாள் அந்தச் சட்டைப் பையில் இருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். விழுந்தவரின் காலில் பாரம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவருடைய மனைவி பக்கத்தில் நின்று தோடம்பழம் உரித்துக்கொண்டே திட்டினாள்.

“யாரும் ஏறச் சொல்லலயாம், இவரே ஏறினாராம். இந்த வயசுல கொரங்கு வித்த கேக்குது. பலகை வர்ற வரைக்கும் பொறுக்க முடியலயா? இனி யாரு இவர தூக்கித் தூக்கி வைக்கிறது, நீங்களே கேளுங்க சார்.”

அவர் என்னைப் பார்த்தார். அவள் பழத்தோலைப் போட வெளியே போனதும் மெதுவாகச் சொன்னார்.

“பொலிசு வந்து கேட்டாங்க. நானாத்தான் ஏறினேன்னு சொல்லிட்டேன். கொந்தராத்து மொதலாளி அப்படித்தான் சொல்லச் சொன்னாரு. நீங்க பயப்படாதீங்க.”

அவள் திரும்பி வந்து மறுபடி திட்டத் தொடங்கினாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். தோடம்பழச் சுளை எனக்கும் ஒன்று கொடுத்தாள். அதை வாங்கித் தின்றேன். இதை எழுதும்போது என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலை படிவத்தை மெனேஜரின் மேசையில் வைத்தேன். பலகை வரவில்லை, பட்டி இல்லை, வந்ததாகச் சரி போட்டவன் நான், அவரை ஏற விட்டதும் நான் என்று தனியாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மெனேஜர் இரண்டையும் வாசித்துவிட்டு, ஏன் அவ்வளவு அவசரம் என்று மட்டும் கேட்டார். ராகுகாலத்துக்கு முன் தொடங்கத்தான் என்று உண்மையைச் சொன்னேன். “எங்கள் வீட்டிலும் நேரம் பார்ப்போம்” என்று சிங்களத்தில் சொன்னார். அதற்காக என்னை விட்டுவிடவில்லை. வேலை போகவில்லை, ஆனால் இனி யாருக்கும் அனுமதி எழுதக்கூடாது, களஞ்சியத்தில் பெட்டி எண்ணு என்றார். அது சரியான தீர்ப்புத்தான்.

பின்னேரம் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தேங்காய் உடைத்தது முதல். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“சனிக்கிழம இதே எடத்துலதானே நின்னீங்க.”

“ஆமாங்க.”

“மூணு நாளா இந்த மனுசனத் திட்டிக்கிட்டே இருக்கேன்” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பவேயில்லை. அவர் கண் விழிக்கும் வரை நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.